எக்ஸ்ரே அக்காவின் நான்காவது கார்

என் மனைவிக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே அக்கா என்று பெயர். முப்பத்திரண்டு வருடமாக அதே கனத்த கதவுக்குப் பின்னால், கை கால் முறிந்து வருகிறவர்களைப் படுக்க வைத்து, "அசையாதீங்க, இதோ முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். படத்தைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் புதிதாக வரும் டாக்டர்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் இவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று அங்குள்ள நர்ஸ் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன மூன்றாம் நாள் பயிற்சியாளர், "சார், உங்க வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்களா?" என்று பணிவாகக் கேட்டார். என் மனைவி ஓட்டுவாள் என்றேன். "அப்ப அவங்களே ஓட்டட்டுமே சார்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் ஓட்டுநர், நான் பயணி. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை.

அவளுடைய அப்பா ஒரு கம்பெனி மேலாளருக்கு முப்பது வருடம் கார் ஓட்டியவர். அவர்கள் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு கார் நிற்கும். ஆனால் அது அவர்களுடையது அல்ல. பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. ஒரு விரல் தடம் பட்டாலும் அவர் முழுக்க மறுபடி துடைக்க வேண்டும். அதனால் இவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வருவாளாம். தொடாமல் குனிந்து பார்ப்பதும், காதைச் சாய்த்துக் கேட்பதும் அப்படித்தான் பழக்கமானது. பத்து வயதில் ஒரு நாள், "அப்பா, பின் சக்கரத்துல ஏதோ உரசுது" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுப் போய், சாயங்காலம் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து அவளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொடுத்தாராம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் முதல் காரை வாங்கினாள். அதை வாங்கினாள் என்பதைவிட, அதன் சொந்தக்காரர் தொல்லை விட்டது என்று தள்ளிவிட்டார் என்பதே சரி. அதற்கு அவள் வயதுதான். தரையெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. ஓடும்போது கால்களுக்கிடையே சாலை தெரியும். அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தாள். வாங்கிய அன்று நேராக அப்பா வீட்டுக்குத்தான் ஓட்டிப் போனாள்.

"அப்பா, முன்னாடி வந்து உட்காருங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார்.

"இல்லம்மா. முப்பது வருஷமா முன்னாடியேதான் உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறேன். நீ ஓட்டு."

கடைத்தெரு வழியாக மெதுவாக ஓட்டச் சொன்னாராம். தெரிந்தவர்கள் யாராவது கண்ணில் பட்டால் கண்ணாடியை இறக்கிக் கையை அசைப்பாராம். அந்தக் கண்ணாடி இறங்கினால் ஏறாது என்பது அவருக்குத் தெரியாது. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதிலும் சல்லடைதான் இருந்தது. மழை நாளில் நான் இரண்டு கால்களையும் தூக்கி முன்பலகையில் வைத்துக்கொள்வேன். தரைக்கு அவளே தகடு வெட்டி, திருகாணி போட்டு, தார் பூசினாள். சனிக்கிழமை மத்தியானங்களில் நான் வீட்டுக்கு வந்தால் காருக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாதங்களோடு பேசியே என் கல்யாண வாழ்க்கையின் முதல் இரண்டு வருடங்கள் போயின.

இரண்டாவது கார் தக்காளி. சிவப்பு நிறம், உருண்டையான முதுகு, நாலு பேர் நெருக்கி உட்கார இடம். எங்கள் மகளும் மகனும் வளர்ந்தது அதில்தான். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த சமயம், பாதி வழியில் கிளட்ச் கேபிள் அறுந்துபோனது. பள்ளிக்கூடம் இன்னும் எட்டு கிலோமீட்டர். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் இறங்கி ஆட்டோ தேடலாமா என்றேன். இவள், "யாரும் இறங்க வேண்டாம், வாயையும் திறக்க வேண்டாம்" என்றாள். இன்ஜினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, அப்படியே சாவியைத் திருகினாள். கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அதன்பின் கிளட்ச் இல்லாமலே, இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு, சரியான நொடியில் கியரை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் நிறுத்தினாள். இடையில் மூன்று சிக்னல். மூன்றிலும் அணைத்து, மூன்றிலும் குதித்துக் கிளம்பினோம். மகள் இறங்கும்போது மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நான் சட்டைக்குள் வியர்வையில் நனைந்துபோயிருந்தேன். இவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "கேபிள் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?" என்றாள்.

மூன்றாவது காருக்கு நான்தான் காரணம். என் அம்மா எங்களோடு வந்து இருந்த காலம் அது. அவருக்கு முதுகுவலி. தக்காளியில் ஏறி இறங்க முடியவில்லை. பெரிதாக, உயரமாக, குலுக்காமல் போகிற கார் வேண்டும் என்று நான் சொன்னேன். சாம்பல் நிறத்தில், தானாகக் கியர் மாறுகிற கார் ஒன்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஆனாலும் முகம் சுளிக்காமல் ஒன்பது வருடம் ஓட்டினாள். ஒரே ஒரு முறை, பக்கத்து வீட்டுக்காரர் காரைப் புகழ்ந்தபோது மட்டும், "இது கார் இல்லைங்க, பீரோ. சக்கரம் வெச்ச பீரோ" என்று சொன்னாள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மகள் வேலைக்குப் போய், மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன்."

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்தினோம்.

"அதுல ரெண்டு பேர்தானேம்மா உட்கார முடியும்?" என்றான் மகன்.

"ஆமா."

"அப்ப நாங்க?"

"உங்களுக்குத்தான் பீரோ இருக்கே."

"அந்த ரெண்டாவது ஆள் யாரு?" என்று நான் கேட்டேன்.

"அது நீங்க நடந்துக்கறதைப் பொறுத்து" என்றாள்.

எந்தக் கார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சின்னது. கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். இன்ஜின் முன்னால், உந்துவது பின் சக்கரம், கியர் கையால் போடுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒன்று மருத்துவமனை வாசலில் வந்து நின்றதாம். யாருடையது என்று தெரியாது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்திருக்கிறாள். அந்த வகையை இப்போது செய்வதில்லை. பழையதைத்தான் தேட வேண்டும். ஆறு வருடமாக, கூடுதல் சம்பளம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிகளை அவள் ஏன் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தேடல் இரண்டு வருடம் நடந்தது. ஒன்பது கார்கள் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொள்வாள். அதில் ஒரு டார்ச், பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்புக் கண்ணாடி, பழைய சாக்ஸுக்குள் போட்ட ஒரு காந்தம், கீழே விரித்துப் படுக்க ஒரு பெட்ஷீட். காந்தம் எதற்கு என்றால், அடிபட்ட இடத்தில் பசையைப் பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது.

ஐந்தாவது காரை ஒரு பெரிய விற்பனைக் கூடத்தில் பார்த்தோம். கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, நடுவில் கருஞ்சிவப்பில் அந்தக் கார். பார்க்க எனக்கே மூச்சு நின்றது. விற்பனையாளர் இவளை விட்டுவிட்டு என்னிடம் வந்து குதிரைச்சக்தி, டார்க் என்று ஏதேதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அதற்குள் இவள் பளிங்குத் தரையில் பெட்ஷீட்டை விரித்துக் காருக்கு அடியில் போய்விட்டாள்.

"சார், மேடம் என்ன பண்றாங்க?"

"பார்க்கிறாங்க."

"அதெல்லாம் எங்க ஆளுங்க செக் பண்ணிட்டாங்க சார். மேடத்துக்குக் கலர் பிடிச்சிருக்கான்னு கேளுங்க, மத்ததை நாம ஆம்பளைங்க பேசிக்கலாம்."

"தம்பி, எனக்குக் கார்ல தெரிஞ்சது டயர் வட்டமா இருக்கும்ங்கறது ஒண்ணுதான். பேசறதா இருந்தா அடியில இருக்கிறவங்ககிட்ட பேசுங்க" என்றேன்.

அவள் வெளியே வந்து பெட்ஷீட்டை மடித்தாள். "முன்பக்கம் நல்லா அடிபட்டிருக்கு. சட்டத்தை வெட்டிப் புதுசா வெல்டு வெச்சிருக்காங்க. மேல கறுப்பு அடிச்சு மறைச்சிருக்கு. கண்ணாடியில தெரியுது, பார்க்கறீங்களா?" என்று அவரிடம் கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆனால் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு குடும்பம் வந்து வாங்கிப் பார்த்தது. நாங்கள் வெளியே வரும்போது அந்தக் குடும்பமும் பின்னாலேயே வந்துவிட்டது.

எட்டாவது கார்தான் அவளை உலுக்கிவிட்டது. ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டருடையது. ஆழ்ந்த பச்சை நிறம். 'இன்ஜின் கோளாறு. உள்ளது உள்ளபடி விற்கப்படும்' என்று விளம்பரம் கொடுத்திருந்தார். அதனால்தான் விலை எங்களுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அவர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் போர்வையை விலக்கியதும், இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள். வாங்கியதிலிருந்து ஒரே கை. ஒரு கீறல் இல்லை.

துணிப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். "இது எங்க சாமான் ஆச்சே!"

"இதுக்கும் வாய் பெருசுதானே டாக்டர்" என்றாள் இவள், இன்ஜின் மூடியைத் திறந்துகொண்டே.

டாக்டர் ஸ்டார்ட் செய்தார். முதலில் சீராகத்தான் ஓடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் உள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் எழுந்தது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு இன்ஜினைப் பிரிக்க வேண்டும், உள்ளே எல்லாம் போய்விட்டது என்று சொன்னார்களாம். மனைவி போன பிறகு அவருக்கு அந்த அலைச்சலுக்குத் தெம்பில்லை. இரண்டு வருடமாக மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதோடு சரி.

இவள் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை வாங்கி, நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். நாலைந்து இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள். பிறகு ஒரு மரக்குச்சியை எடுத்து, புகைக்குழாய்க்கு மேலே சூட்டைத் தடுக்க வைத்திருக்கும் மெல்லிய தகட்டை லேசாக அழுத்தினாள். சத்தம் நின்றது. எடுத்தாள். கடகட. அழுத்தினாள். நின்றது.

டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் இருந்ததால் திறந்திருந்த மூடி மறைத்தது. அவருக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன்: வாயில் விரல் வைத்து, பேசாதே என்று ஜாடை காட்டினேன். இரண்டு வருட அலைச்சல். அவள் ஆசைப்பட்ட அதே கார். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்களுடையது.

"டாக்டர், கொஞ்சம் இறங்கி வாங்களேன்" என்றாள் அவள். "உங்க இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லை. இந்தத் தகட்டுல ஒரு போல்ட் விழுந்துபோயிருக்கு, அவ்வளவுதான். பாருங்க."

அவர் குச்சியை வாங்கித் தானே அழுத்திப் பார்த்தார். எடுத்துப் பார்த்தார். நாலு முறை செய்தார். இவள் ஒரு கம்பியால் தகட்டை இழுத்துக் கட்டினாள். "ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றாள். அவர் போனார். அரை மணி நேரம் கழித்து, கூரையைத் திறந்துபோட்டு, நரைத்த முடியெல்லாம் குத்திட்டு நிற்க, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தோடு திரும்பி வந்தார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இதை நான் விக்கலை."

"கம்பி கட்டினதும் அது ஸ்டார்ட் ஆன சத்தத்துலயே நீங்க விக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள்.

வரும் வழியில் பீரோவில் நான் உர்ரென்று இருந்தேன். "சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்று கடைசியில் கேட்டும்விட்டேன்.

"எலும்பு முறியவே இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே, முறிஞ்சிருக்குன்னு ஒருத்தரைக் கட்டுப் போட அனுப்புவேனா நான்?" என்றாள். ஒரு சிக்னலில் நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் முப்பது வருடத் தொழிலில் ஆயிரக்கணக்கான பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் காட்டிய ஜாடையை மட்டும் அழிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

அதன்பின் ஒன்பதாவதாக ஒன்றைப் பார்த்தோம், தேறவில்லை. தேடுவதையே அவள் குறைத்துக்கொண்டாள். ஐந்து மாதம் கழித்து ஒரு மாலை, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கணீரென்ற பெண் குரல்.

"எக்ஸ்ரே அக்காவா? நான் நீச்சல் கோச் பேசறேன். இந்த மாடல் வெச்சிருக்கிறவங்க மாசம் ஒரு தடவை ஒண்ணா சேர்ந்து ஓட்டுவோம். பல் டாக்டர் வந்தா உங்க கதையைத்தான் சொல்றார். மூணு தடவை கேட்டுட்டேன். எனக்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆயிருச்சு. உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. என் வண்டியை உங்களுக்குத் தரணும்னு தோணுது. வந்து பாருங்க. ஆனா முதல்லயே சொல்லிடறேன், அது மஞ்சள்."

மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை. பார்த்ததும் மகள், "அம்மா, ஸ்கூல் பஸ் குட்டி போட்ட மாதிரி இருக்கு" என்றாள். இருக்கையில் கிழிசல். நீச்சல் குளத்து ஈரத் துண்டுகளைப் போட்டுப் போட்டுத் தரைவிரிப்பு வெளுத்திருந்தது. கூரைத் துணியில் இரண்டு ஒட்டு. ஆனால் இவள் பெட்ஷீட்டை விரித்து உள்ளே போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. கோச் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பாதங்களோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்து, என்னென்ன குறை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இதுல பாதி எனக்கே தெரியாது" என்று கோச் சிரித்தார். "அப்ப வேண்டாமா?"

"எலும்பெல்லாம் நேரா இருக்கு. மத்ததெல்லாம் தோல்தானே. எனக்கு வேணும்" என்றாள் இவள்.

பேரம் பேசவே இல்லை. ஒருவர் ஒன்றைச் சொன்னார், மற்றவர் சரி என்றார். சாவியைக் கையில் வாங்கியதும் அவள் காரைத் தொட்டாள். முன்மூடியிலிருந்து பின்பக்கம் வரை, உள்ளங்கையை எடுக்காமல், நிதானமாக ஒரு முழுச் சுற்று.

அடுத்த மூன்று மாதம் எங்கள் கொட்டகையில் வெளிச்சம் அணைந்ததாக ஞாபகம் இல்லை. இருக்கைக்குப் புதுத் தோல் தைத்தது, கூரை மாற்றியது, பிரேக் குழாய்களை மாற்றியது எல்லாம் அவளே. மகன் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கட்டுமா என்று கேட்டான். "கை கழுவிட்டு வந்து சோறு போடு, அது போதும்" என்று அனுப்பிவிட்டாள். நிறத்தை மட்டும் மாற்றவில்லை. எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "அது பிறந்த நிறம்" என்றாள்.

போன மாதம், கோச் சொன்ன அந்தக் கூட்டத்தோடு முதல் முறையாக மலைச் சாலைக்குப் போனோம். பதினான்கு கார்கள். பல் டாக்டரின் பச்சை முன்னால் போனது. ஐந்தாறு வளைவுகளுக்குப் பின் அவர் ஓரம் கட்டி, கையை நீட்டி, நீ முன்னால் போ என்று காட்டினார். இவள் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே கூரை இல்லை, என் தலையில் முடியும் இல்லை. வளைவுக்கு முன் கியரைக் குறைத்து, உள்ளே நுழைந்து, வெளியே வரும்போது மிதிப்பாள். வேகம் ஒன்றும் பயப்படும்படி இல்லை. ஆனால் ஒரு வளைவுகூடப் பிசகவில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒரு பிழையும் கண்ணில் படாத பக்கத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஏற்படும் நிம்மதி அது. ஐம்பத்து மூன்று வயதில் என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருப்பதை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போனேன்.

உச்சியில் நீச்சல் கோச் தன் புது உயரமான காரோடு காத்திருந்தார். இவள் இறங்கிப் போய், "வாங்க, ஒரு சுத்து" என்றாள். நானும் டாக்டருமாகக் கைத்தாங்கலாகப் பிடித்து அவரை என் இருக்கையில் உட்கார வைத்தோம். இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். வளைவு தாண்டியும் மஞ்சள் தெரிந்தது.

கைப்பைகளைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்ற என்னிடம், வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் கேட்டார்: "சூப்பரா இருக்கே சார் வண்டி. உங்களதா?"

"இல்லைங்க. என் வீட்டுக்காரியோடது" என்றேன். கேட்காமலே மேலும் சொன்னேன்: "அடியில படுத்து எல்லாத்தையும் அவளே சரி பண்ணினா. போல்ட் போல்டா."

அவர் தன் மகளுக்குப் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், என் மனைவியால் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். நம்பரைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்றேன். அவள் வந்து சேரும்வரை விற்கிறவர் காரை ஸ்டார்ட் செய்யக்கூடாது, ஆறிக் கிடக்கிற இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும் என்பதையும் சொல்லிவைத்தேன். முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில் நானும் அவ்வளவாவது கற்றிருக்கிறேன்.